தவித்த வாய்க்குத் தண்ணீர்: மாரத்தான் ஓட்டத்தில் நீரும் சர்க்கரையும், 1904–2015

1904 ஆகஸ்ட் 30 பிற்பகல். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒலிம்பிக் மாரத்தான் நடந்தபோது வெயில் 32 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தது. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மண்சாலை; கூடவே சென்ற மோட்டார் வண்டிகள் கிளப்பிய புழுதி. புறப்பட்ட 32 பேரில் 14 பேர்தான் ஓட்டத்தை முடித்தார்கள். முதலிடம் பெற்ற தாமஸ் ஹிக்ஸ் வழியில் தண்ணீர் கேட்டார். உடன்வந்த உதவியாளர்கள் குடிக்கக் கொடுக்கவில்லை. நனைத்த பஞ்சால் வாயை மட்டும் துடைத்துவிட்டார்கள். பிறகு முட்டையின் வெள்ளைக்கருவோடு ஸ்ட்ரிக்னைன் கொடுத்தார்கள். நம் ஊர் எட்டிக்கொட்டையில் இருக்கும் அதே நஞ்சு அது. அதன்மேல் பிராந்தியும் புகட்டினார்கள். 3 மணி 28 நிமிடம் 53 நொடியில், தாங்கிப் பிடித்தவர்களின் கைகளில் தொங்கியபடிதான் அவர் எல்லைக்கோட்டைக் கடந்தார்.

தவித்த வாய்க்குத் தண்ணீர் கொடுக்காததை நம் மரபு பெரும்பாவமாகச் சொல்கிறது. ஆனால் அந்த உதவியாளர்கள் ஹிக்ஸின் பகைவர்கள் அல்லர். அவரை வெல்ல வைக்கவே உடன் வந்தவர்கள். அக்காலப் பயிற்றுநர்கள் சரியென்று நம்பியதைத்தான் செய்தார்கள். தண்ணீரை விலக்கிய இந்த வழக்கம், ஒரு நூற்றாண்டு முடிவதற்குள், தாங்கும் மட்டும் குடி என்று வற்புறுத்தும் வழக்கமாக மாறியது. இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விலக்கியவர்களும் வற்புறுத்தியவர்களும் ஒரே இடத்தில்தான் வழுக்கினார்கள் என்பது என் வாதம்: ஓடுகிறவரின் தாகத்தை இரு தரப்பாருமே நம்பவில்லை.

விலக்கின் காலம்

செயின்ட் லூயிஸ் போட்டியை நடத்தியவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் சல்லிவன். மாரத்தான் ஓட்டம் பற்றி 1909இல் அவர் வெளியிட்ட கையேடு, ஓட்டத்தின் நடுவே உண்பதையும் குடிப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம் என்று அறிவுரை சொன்னது. இந்த அறிவுரைக்கு நீண்ட ஆயுள் இருந்தது. 1953இல்கூட உலகத் தடகளச் சம்மேளனத்தின் விதி, 15 கிலோமீட்டர் தாண்டிய பிறகே பானம் தர இடமளித்தது. அமைப்பாளர்கள் தருவதைத் தவிர வேறெதையும் ஓடுபவர் கொண்டுவரக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டத்தை ஐந்து முறை வென்ற ஜாக்கி மெக்லர் தம் காலத்தை நினைவுகூரும்போது, ஒரு மாரத்தானை எதுவும் குடிக்காமல் முடிப்பதே ஓட்டக்காரருக்கு இலட்சியமாக இருந்ததாகச் சொல்கிறார். விதி குடிப்பதைச் சுருக்கியது. பெருமை அதை முழுதாகவே நிறுத்தியது. தாகம் அடக்க வேண்டிய பலவீனமாகக் கருதப்பட்டது.

1954இல் வான்கூவரில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ், அடுத்தவரைவிடப் பதினேழு நிமிடம் முன்னதாக மைதானத்துக்குள் நுழைந்தார். வெப்பம் அவரை உருக்குலைத்திருந்தது. விழுந்து, எழுந்து, மீண்டும் விழுந்து, ஏறத்தாழ 200 கெஜத்தைக் கடக்கப் பதினொரு நிமிடம் போராடினார், ஓட்டத்தை முடிக்கவில்லை. அதன்பின் அவர் போட்டியில் ஓடவும் இல்லை.

சர்க்கரை தனி வழியில்

தண்ணீர் விலக்கப்பட்டிருந்த அதே ஆண்டுகளில் சர்க்கரைக்கு ஆய்வகத்தின் கதவு திறந்துவிட்டது. 1924 பாஸ்டன் மாரத்தானில் சாமுவேல் லெவின், பர்ஜஸ் கார்டன், கிளிஃபோர்டு டெரிக் ஆகிய மருத்துவர்கள் ஓடி முடித்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். முகம் வெளிறிச் சித்தம் தடுமாறி வந்தவர்களின் இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்திருந்தது. இன்சுலின் மருந்தாகி ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த சமயம் அது. இன்சுலின் மிகுந்துபோன நோயாளியின் தளர்ச்சியை இந்த ஓட்டக்காரர்களின் தளர்ச்சி ஒத்திருந்ததை அவர்கள் கவனித்தார்கள். அடுத்த ஆண்டு அதே ஓட்டத்தில், முந்தைய நாள் மாவுச்சத்து மிகுந்த உணவும் வழியில் மிட்டாயும் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தச் சர்க்கரை குன்றவில்லை. ஆட்களும் தெளிவாக வந்து சேர்ந்தார்கள். எளிமையும் நேர்மையும் கூடிய ஆய்வு இது. விளையாட்டு உணவியலின் தொடக்கம் என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால் நான் இதைத்தான் சுட்டுவேன்.

தசைக்குள் நடப்பதை அறிய இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. 1939இல் கிறிஸ்டென்சன், ஹான்சன் என்னும் ஆய்வாளர்கள், மாவுச்சத்து உணவு உண்டவர்கள் கொழுப்புணவு உண்டவர்களைவிட இரு மடங்குக்கும் மேலான நேரம் உழைக்க முடிந்ததைக் காட்டியிருந்தார்கள். காரணம் தெரியவில்லை. 1960களில் ஸ்வீடனின் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், தசையிலிருந்து சிறு துணுக்கை எடுக்கும் ஊசியைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். அவரும் எரிக் ஹல்ட்மனும் தங்கள் உடம்பையே சோதனைக்களம் ஆக்கினார்கள். ஒரே மிதிவண்டியின் இரு பக்கமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் ஓய்ந்துபோகும்வரை மிதித்தார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. பின்னர் மூன்று நாள் மாவுச்சத்து உணவு. உழைத்துக் காலியான காலின் தசையில், மாவுச்சத்தின் சேமிப்பு வடிவமான கிளைக்கோஜன், சும்மா இருந்த காலில் இருந்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகச் சேர்ந்திருந்தது. 1966இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான இம்முடிவு உடனே பந்தயச் சாலைக்கு வந்தது: 1969 ஏதென்ஸ் ஐரோப்பியப் போட்டியில் மாரத்தானை வென்ற ரான் ஹில், முதலில் தசையை வெறுமையாக்கிப் பின் நிரப்பும் இந்த முறையைக் கையாண்டிருந்தார்.

பாலைவனத்திலிருந்து பந்தயச் சாலைக்கு

தண்ணீரின் விலக்கை உடைத்தது போர். இரண்டாம் உலகப் போரில் பாலைவனத்துக்குப் படை அனுப்ப வேண்டியிருந்த அமெரிக்கா, வெப்பத்தில் உழைக்கும் உடம்பை ஆராயச் சொன்னது. ஹார்வர்டு களைப்பு ஆய்வகத்தில் 1944இல் பிட்ஸ், ஜான்சன், கன்சோலாசியோ மூவரும், வியர்வை அளவுக்கு நீர் அருந்தியவர்களே வெப்பத்தில் நெடுநேரம் நன்றாக நடந்ததைக் கண்டார்கள். எட்வர்டு அடால்ஃபின் குழு பாலைவன ஆய்வுகளை 1947இல் நூலாக்கியது. தாராளமாகத் தண்ணீர் கிடைத்தாலும், தாகத்துக்குக் குடிக்கிற மனிதன் இழந்த நீர் முழுவதையும் அப்போதே ஈடுசெய்வதில்லை என்பது அக்குழுவின் முக்கியக் கண்டுபிடிப்பு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘தன்விருப்ப நீரிழப்பு’.

இந்தப் பெயரில்தான் பின்னால் வந்த திருப்பத்தின் வேர் இருக்கிறது என்று கருதுகிறேன். உடம்பு மீதிக் கடனை அடுத்த வேளை உணவோடும் உப்போடும் தீர்த்துக்கொள்கிறது என்றும் இதை வாசித்திருக்கலாம். ஆனால் தாகம் நம்பத்தகாதது என்ற வாசிப்பே நிலைத்தது.

1969இல் ஜொகன்னஸ்பர்க்கின் விண்டமும் ஸ்டிரைடமும் 32 கிலோமீட்டர் ஓடியவர்களை எடைபோட்டு, உடல் எடையில் 3 விழுக்காட்டுக்கு மேல் இழந்தவர்களுக்கு உடல்வெப்பம் ஏறியதைக் காட்டினார்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 300 மில்லிலிட்டர் குடிக்கப் பரிந்துரைத்தார்கள். கட்டுரைத் தலைப்பே போதிய நீர் அருந்தாமையின் ஆபத்தைப் பேசியது. அந்த ஆய்வு, வேகமாக ஓடுபவருக்கு வேகத்தாலேயே வெப்பமும் வியர்வையும் மிகும் என்பதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

இதற்கிடையே 1965இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகச் சிறுநீரக மருத்துவர் ராபர்ட் கேடிடம், ஆட்டத்தின்போது வீரர்களுக்கு ஏன் சிறுநீரே வருவதில்லை என்று ஓர் உதவிப் பயிற்றுநர் கேட்டார். அக்கேள்விக்கு விடையாக உப்பும் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்த கேட்டரேட் பிறந்தது. குடலில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்தே உள்ளே நுழைகின்றன என்று 1960இல் ராபர்ட் கிரேன் பிராகாவில் முன்வைத்த கருத்தே, இப்பானத்துக்கும் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு நம் வீடுகளில் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலுக்கும் பொதுவான அறிவியல் அடிப்படை. தனித்தனி வழியில் வந்த நீரும் சர்க்கரையும் ஒரே புட்டிக்குள் சேர்ந்தன. புட்டிக்குப் பெரும் வணிகமும் சேர்ந்தது.

1996இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி, வியர்வையில் போகும் நீர் அனைத்தையும் ஈடுசெய்யுமளவு அல்லது தாங்குமளவு குடிக்கச் சொன்னது: மணிக்கு 600 முதல் 1200 மில்லிலிட்டர். தாகம் எடுக்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும் என்பது பயிற்றுநர் எல்லாரும் சொல்லும் பாடமானது.

குடித்ததால் விழுந்தவர்கள்

எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளும் காம்ரேட்ஸ் ஓட்டத்தில், 1981இல் ஒரு பெண் நினைவிழந்தார். இரத்தத்தில் சோடியம் மிகத் தாழ்ந்திருந்தது. அவர் குடிக்காமல் விட்டவர் அல்லர். நீர்ப்பந்தல் தோறும் குடித்தவர். இத்தகைய நால்வரைப் பற்றித் தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸின் குழு 1985இல் எழுதியது. நெடுநேர உழைப்பில் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் சுரந்தபடி இருப்பதால், மிகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் இரத்தத்தில் தங்குகிறது, உப்பு நீர்த்துப்போகிறது, மூளை வீங்குகிறது.

கேட்டவர்கள் குறைவு. 2002 பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண்ணொருவர் இப்படி இறந்தார். அந்த ஓட்டத்தில் இரத்தம் கொடுத்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலோ அதற்குக் கீழோ இருந்ததாக 2005இல் வெளியான ஆய்வு சொன்னது. ஓட்டம் முடிந்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கும் நான்கு மணிக்கு மேல் ஓடியவர்களுக்கும்தான் ஆபத்து மிகுதி. வேகமாக ஓடுபவருக்கு எழுதிய அறிவுரையை, மெதுவாக ஓடி, நின்று நின்று குடிக்க நேரமுள்ள சாதாரணர் பின்பற்றியிருந்தார்.

எடைக்கணக்கிலும் ஒரு பிழை இருந்தது. கிளைக்கோஜன் தன்னைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீருடன் தசையில் தங்குகிறது. அது எரியும்போது அந்த நீரும் விடுபடுகிறது. ஆகவே இழந்த எடை முழுவதும் ஈடுசெய்ய வேண்டிய நீர் அல்ல. 2009 துபாய் மாரத்தானை வென்ற ஹைலே கெப்ரசெலாசி தம் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழந்தே முதலில் வந்தார்.

2007இல் மேற்சொன்ன கல்லூரி தன் நிலைப்பாட்டைத் திருத்தி, எடை கூடுமளவு குடிக்க வேண்டாம் என்றது. 2015இல் கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாடில் கூடிய மருத்துவர்கள், தாகத்துக்குக் குடிப்பதே பாதுகாப்பு என்று ஒப்புக்கொண்டார்கள். குளுக்கோஸோடு ஃபிரக்டோஸும் கலந்தால் மணிக்கு 90 கிராம்வரை சர்க்கரையைப் பயன்படுத்தலாம் என்ற கணக்கு இன்று நெடுந்தொலைவு ஓடுவோரிடம் நிலைபெற்றுவிட்டது; தண்ணீருக்கு அப்படி எல்லாருக்கும் பொருந்தும் கணக்கு எழுதப்படவில்லை.

2004இல் பர்மிங்காமில் ஒரு சிறு சோதனை நடந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேர மிதிவண்டிப் பந்தயத்தில், சர்க்கரைப் பொருள் கரைந்த நீரை வாயில் கொப்பளித்துத் துப்பியவர்கள், விழுங்காமலேயே, வெறும் நீரைக் கொப்பளித்தபோது ஓட்டியதைவிடச் சுமார் 3 விழுக்காடு விரைவாக ஓட்டினார்கள். வயிற்றுக்கு எதுவும் போகுமுன் நாவிலிருந்து மூளைக்குச் செய்தி போய்விடுகிறது. ஹிக்ஸின் வாயை நனைந்த பஞ்சால் துடைத்துச் சரியாக நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.