கேம் ‘ஐடி’ வாங்குறீங்களா? உஷார்! பணத்தையும் ஐடியையும் சுருட்டும் கும்பலிடம் தப்பிப்பது எப்படி?

தென்காசி:

செல்போனில் விளையாடும் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், பிஜிஎம்ஐ போன்ற கேம்களின் ‘ஐடி’யை விலைக்கு வாங்குவதும் விற்பதும் மாணவர்கள், வாலிபர்கள் மத்தியில் சர்வசாதாரணமாகி விட்டது. வாட்ஸ்அப், டெலிகிராம், இன்ஸ்டாகிராம் குரூப்களில் நடக்கும் இந்த வியாபாரத்துக்கு பில் கிடையாது, ரசீது கிடையாது. எதிரே இருப்பது யார், எந்த ஊர் என்பதும் தெரியாது. இதுதான் மோசடி கும்பலுக்கு வசதி.

பையன் விளையாடுவது அவன் போன் என்றாலும், பணம் போவது பெரும்பாலும் அப்பா, அம்மாவின் பேங்க் கணக்கில் இருந்துதான். ஆலங்குளம், கடையம் பக்கம் பீடி சுற்றும் தாயின் கூலியும், கடையநல்லூர், புளியங்குடி பக்கம் வளைகுடா நாட்டில் இருந்து தகப்பனார் அனுப்பும் பணமும், குற்றாலம் சீசன் கடையில் நின்று சேர்த்த காசும் ஒரே நிமிடத்தில் கைவிட்டுப் போகலாம். விளையாடும் பிள்ளைகளும், விளையாட்டே தெரியாத பெற்றோரும் தெரிந்து கொள்ள வேண்டிய விவரங்கள் இதோ:

விற்பது என்ன?

கேமில் துப்பாக்கிக்குப் போடும் ‘ஸ்கின்’, ஆளுக்குப் போடும் உடையான ‘பண்டில்’, டைமண்ட், யுசி ஆகியவற்றுக்கு நிஜப் பணம் கட்ட வேண்டும். சில பொருட்கள் ஒரு சீசனோடு சரி, மறுபடி எளிதில் கிடைக்காது. ஃப்ரீ ஃபயரில் முதல் சீசன் ‘எலைட் பாஸ்’ வாங்கியவர்களுக்குக் கிடைத்த ‘சகுரா’ உடை, பிஜிஎம்ஐயில் ‘எம்416 கிளேசியர்’ துப்பாக்கி ஆகியவை உள்ள ஐடிக்குத் தனி கிராக்கி. சில நூறு ரூபாயில் தொடங்கி பல ஆயிரம் வரை விலை பேசுகிறார்கள்.

இந்த கேம்களே பல தடவை தடைபட்டு வந்தவை. பப்ஜி மொபைலை மத்திய அரசு 2020 செப்டம்பர் 2ந்தேதி தடை செய்தது. அதற்குப் பதிலாக பிஜிஎம்ஐ 2021 ஜூலையில் வந்தது. 2022 ஜூலையில் அதுவும் முடக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பி வந்தது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரி 14ந்தேதி தடை செய்யப்பட்ட 54 ஆப்களில் ஒன்று. ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய ஐடி ஒரு அரசு உத்தரவில் ஒன்றுக்கும் உதவாமல் போகலாம் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

சாவி யார் கையில்?

எல்லோரும் முதலில் புரிந்து கொள்ள வேண்டியது ஒன்றுதான். காசு கொடுத்தாலும் அந்த ஐடி உங்கள் சொத்து ஆகாது.

ஃப்ரீ ஃபயரை நடத்தும் கரீனாவும், பிஜிஎம்ஐயை நடத்தும் கிராஃப்டானும் கணக்கை அடுத்தவருக்கு விற்கக்கூடாது என்று விதியிலேயே எழுதி வைத்துள்ளன. கண்டுபிடித்தால் ஐடியை முடக்கலாம். ‘அண்ணே, காசு கொடுத்து வாங்கினேன், ஏமாத்திட்டான்’ என்று அந்த கம்பெனியிடம் முறையிட்டாலும் எடுபடாது.

அடுத்தது, ஐடியின் உண்மையான சாவி பாஸ்வேர்டு இல்லை. அது எந்த ஃபேஸ்புக் அல்லது கூகுள் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அதுதான் சாவி. அந்தக் கணக்கைத் தொடங்கியவரின் பழைய போன் நம்பர், பழைய மெயில், பழைய போன் எல்லாம் அவர் கையிலேயே இருக்கும். ‘பாஸ்வேர்டு மறந்து விட்டது’ என்று அவர் கேட்டால், கணக்கு அவரிடமே திரும்பப் போய்விட வாய்ப்பு உண்டு. கூகுள் கணக்கில் மீட்பு நம்பரை நீங்கள் மாற்றிய பிறகும் 7 நாட்கள் வரை பழைய நம்பருக்கே கோடு போகலாம். வாங்கிய அன்று ராஜா மாதிரி விளையாடியவன் ஒரு வாரத்தில் உள்ளேயே போக முடியாமல் நிற்பது இப்படித்தான். அதே ஐடியை அடுத்த ஆளிடம் விற்று விடுவார்கள். ஒரே ஐடியைப் பல பேர் தலையில் கட்டவும் முடியும்.

ஏமாற்றும் வழிகள்

1. முதலில் பணம்: ‘பணத்தைப் போடு தம்பி, உடனே ஐடி அனுப்புறேன்’ என்பார்கள். பணம் போனதும் பிளாக் செய்து விடுவார்கள். சிலர் ‘டெபாசிட் கட்டணும்’, ‘பெயர் மாத்த சார்ஜ்’ என்று இரண்டாவது, மூன்றாவது தடவையும் கறப்பார்கள்.

2. போலி இடைத்தரகர்: ‘மிடில்மேன்’ என்று குரூப்பில் நல்ல பெயர் எடுத்தவரின் போட்டோவையும் பெயரையும் அப்படியே காப்பி அடித்து வேறு நம்பரில் வருவார்கள். சில நேரம் விற்பவன், மிடில்மேன், ‘நானும் இவர்கிட்ட வாங்கினேன்’ என்று சான்று சொல்பவன் எல்லாமே ஒரே ஆள்தான்.

3. போலி ஸ்கிரீன்ஷாட்: இது விற்பவர்களைக் குறி வைப்பது. ‘பணம் போட்டாச்சு, பாரு’ என்று படம் அனுப்புவார்கள். பேங்கில் ஒரு பைசா வந்திருக்காது. ‘சர்வர் ஸ்லோ, கொஞ்ச நேரத்துல வந்துரும்’ என்று சொல்லி ஐடியை வாங்கிக் கொண்டு ஓடி விடுவார்கள்.

4. கியூஆர் கோடு: ‘உங்களுக்குப் பணம் வர இந்த கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க’ என்பார்கள். பின் நம்பர் போட்டால் பணம் வெளியே மட்டும்தான் போகும். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். கூகுள் பே, போன்பே, பேடிஎம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

5. இலவச டைமண்ட்: ‘5 ஆயிரம் டைமண்ட் ஃப்ரீ’ என்று லிங்க் வரும். திறந்தால் அச்சு அசலாக ஃபேஸ்புக் லாகின் பக்கம் போலவே இருக்கும். பாஸ்வேர்டு போட்ட மறுநிமிடம் ஐடி கைமாறி விடும்.

6. ஏபிகே பைல்: பிளே ஸ்டோரில் இல்லாத ‘ஹேக்’, ‘மோட்’ ஆப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதை ஏற்றி எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கொடுத்தால், பேங்க் ஓடிபியையும் அது படித்து விடும். போவது கேம் ஐடி மட்டும் இல்லை, கணக்கில் உள்ள மொத்தமும்தான்.

விற்பவருக்கும் ஆபத்து

‘நான் விற்கத்தானே போறேன், எனக்கு என்ன?’ என்று நினைக்க வேண்டாம். ஐடி வாங்குபவன் வேறு யாரிடமோ மோசடி செய்த பணத்தை உங்களுக்கு அனுப்பலாம். பணத்தைப் பறிகொடுத்தவர் புகார் செய்ததும், அந்தப் பணம் போன பாதையில் உள்ள கணக்குகளை போலீசார் சொல்லி பேங்க் முடக்கும். அந்தப் பாதையில் உங்கள் அம்மாவின் கணக்கும் இருந்தால் கியாஸ் மானியம், முதியோர் உதவித்தொகை, கூலி எதையும் எடுக்க முடியாமல் போகலாம். எங்கோ வடமாநிலத்தில் உள்ள போலீஸ் நிலையத்துக்குப் பதில் சொல்லும் நிலையும் வரலாம்.

‘உன் பேங்க் கணக்கை ரெண்டு நாள் கொடு, கமிஷன் தர்றேன்’ என்று கேட்டால் பேச்சையே நிறுத்தி விடுங்கள். அது கேம் வியாபாரம் இல்லை. திருட்டுப் பணத்தை மாற்ற உங்கள் பெயரைக் கேட்கிறார்கள்.

‘கிரிக்கெட் ஐடி’, ‘ரம்மி ஐடி’ என்று விற்பது இதைவிட மோசம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை விதிக்கும் மத்திய சட்டத்துக்கு 2025 ஆகஸ்டு 22ந்தேதி ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

செய்ய வேண்டியது, கூடாதது

* ஐடி வாங்காமல் இருப்பதே நூற்றுக்கு நூறு பாதுகாப்பு. டைமண்ட், யுசி வேண்டும் என்றால் கேமுக்கு உள்ளேயோ கம்பெனியின் சொந்த டாப்-அப் தளத்திலோ மட்டும் வாங்குங்கள். பாதி விலை என்றால் அது தூண்டில்.

* ‘நேரில் வர்றேன், தென்காசி பஸ் ஸ்டாண்டுல கொடுக்கிறேன்’ என்றாலும் முழுசாக நம்ப வேண்டாம். ஆளைப் பார்த்து விட்டால் மட்டும் ஐடி திரும்பப் போகாது என்று உத்தரவாதம் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கத் தனியாகப் போகவே கூடாது.

* பணம் வந்ததா என்பதை ஸ்கிரீன்ஷாட்டில் பார்க்காதீர்கள். உங்கள் பேங்க் ஆப்பில் பேலன்ஸ் ஏறி இருக்கிறதா என்று பாருங்கள்.

* ஓடிபி, யுபிஐ பின், பாஸ்வேர்டு மூன்றையும் யாருக்கும் சொல்ல வேண்டாம். ‘ஸ்கிரீன் ஷேர் பண்ணு’ என்றாலும் மறுத்து விடுங்கள்.

* உங்கள் சொந்த ஐடிக்கு இரட்டைப் பாதுகாப்பு போடுங்கள். கூகுள், ஃபேஸ்புக் செட்டிங்கில் ‘டூ ஸ்டெப்’ வசதி இருக்கிறது. அதைப் போட்டு விட்டால் பாஸ்வேர்டு தெரிந்தவன்கூட எளிதில் உள்ளே வர முடியாது.

* ஆதார் கார்டு, பேங்க் பாஸ்புக் போட்டோவை ‘நம்பிக்கைக்கு’ என்று அனுப்பாதீர்கள். அவர்கள் அனுப்பும் ஆதாரும் இன்னொரு ஏமாந்தவருடையதாக இருக்கலாம்.

ஏமாந்து விட்டால்?

அழுது கொண்டு உட்கார நேரம் இல்லை. ஒவ்வொரு நிமிடமும் பணம் ஒரு கணக்கில் இருந்து அடுத்த கணக்குக்கு ஓடிக் கொண்டிருக்கும்.

முதலில் 1930 என்ற நம்பருக்கு போன் செய்யுங்கள். பணமோசடிக்கான இந்த தேசிய உதவி நம்பர் 2021ல் 155260 என்று தொடங்கி, பிறகு 1930 என்று மாறியது. இங்கே புகார் பதிவானதும் பணம் போன பேங்குக்குத் தகவல் போகும். பணம் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால் அங்கேயே நிறுத்தி வைப்பார்கள். அதனால்தான் ‘முதல் ஒரு மணி நேரம் தங்கமான நேரம்’ என்கிறார்கள்.

சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற மத்திய உள்துறை இணையதளத்திலும் புகார் பதியலாம். நேரில் சொல்ல வேண்டும் என்றால் தென்காசி மாவட்ட சைபர் கிரைம் போலீஸ் நிலையம் இருக்கிறது. பக்கத்து போலீஸ் நிலையத்திலும் கேட்கலாம்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: பணம் போன தேதி, நேரம், தொகை, 12 இலக்க யுடிஆர் நம்பர், எதிராளியின் போன் நம்பர், யுபிஐ ஐடி, சாட் முழுவதும். கோபத்தில் சாட்டை அழித்து விட வேண்டாம். அதுதான் சாட்சி.

பேங்குக்கும் உடனே சொல்லுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, உங்கள் தப்பும் பேங்க் தப்பும் இல்லாமல் வெளி ஆளால் பணம் போனால் 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டம் இல்லை. ஆனால் பின்னையோ ஓடிபியையோ நீங்களே கொடுத்திருந்தால், பேங்குக்குச் சொல்லும் வரை ஏற்பட்ட நஷ்டம் உங்கள் தலையில்தான். தாமதம் ஆக ஆக நஷ்டம் கூடும்.

‘ஐடி விற்பதே விதிமீறல் ஆச்சே, போலீசுக்குப் போனால் நம்மையே பிடிப்பாங்களோ’ என்று பல பிள்ளைகள் பயப்படலாம். விதிமீறல் என்பது உங்களுக்கும் கேம் கம்பெனிக்கும் உள்ள விஷயம். பணத்தை ஏமாற்றிப் பறிப்பது குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 318(4) பிரிவில் மோசடிக்கு 7 ஆண்டு வரை ஜெயில் உண்டு. ஆள்மாறாட்டம் செய்து ஆன்லைனில் ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.1 லட்சம் வரை அபராதம்.

கொலை வரை போன விவகாரம்

‘கேம்தானே’ என்று சாதாரணமாக விட முடியாது. சீனாவின் ஷாங்காயில் ‘லெஜண்ட் ஆப் மிர் 3’ கேமில் வென்ற வாளை ஒருவர் நண்பருக்கு இரவல் கொடுத்தார். நண்பர் அதை 7 ஆயிரத்து 200 யுவானுக்கு விற்று விட்டார். போலீசுக்குப் போனால், இல்லாத வாளுக்குச் சட்டம் இல்லை என்று அனுப்பி விட்டார்கள். ஆத்திரத்தில் 2004ல் நண்பரைக் குத்திக் கொன்றவருக்கு 2005ல் நிறுத்தி வைக்கப்பட்ட மரண தண்டனை கிடைத்தது.

நெதர்லாந்தில் 2007ல் ‘ரூன்ஸ்கேப்’ விளையாடிய 13 வயது சிறுவனை இரண்டு பேர் அடித்து, கத்தியைக் காட்டி, கேமில் இருந்த தாயத்தையும் முகமூடியையும் பறித்தார்கள். ‘அது நிஜப் பொருளே இல்லை’ என்று அவர்கள் தரப்பில் வாதம். அதைச் சேர்க்க அந்தச் சிறுவன் நேரமும் உழைப்பும் செலவழித்திருக்கிறான், எனவே இது திருட்டுதான் என்று 2012 ஜனவரி 31ந்தேதி அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது.

பெற்றோர் கவனத்துக்கு

யுபிஐ பின் நம்பரைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். போனைத் திறக்கும் நம்பரும் யுபிஐ பின்னும் ஒன்றாக இருக்க வேண்டாம். பிளே ஸ்டோரில் எது வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றி வையுங்கள். யுபிஐக்கு என்று சிறு தொகை மட்டும் உள்ள தனி பேங்க் கணக்கு வைத்துக் கொண்டால், போனாலும் மொத்தமாகப் போகாது.

முக்கியமானது, பையன் ஏமாந்து விட்டான் என்று தெரிந்தால் முதலில் கையை ஓங்காதீர்கள். 2021 ஜூலையில் மத்தியப் பிரதேச மாநிலம் சத்தர்பூரில் கேமில் ரூ.40 ஆயிரத்தை இழந்த 13 வயது சிறுவன் பயத்தில் உயிரை மாய்த்துக் கொண்டான். திட்டு வாங்குவோம் என்று பயந்து பிள்ளை இரண்டு நாள் மறைத்தால், பணத்தை நிறுத்த முடிந்த அந்த ஒரு மணி நேரமும் போய்விடும். ‘சரி விடுலே, போனைக் கொடு, 1930க்குப் போடுவோம்’ என்று சொல்லும் வீட்டில் பிள்ளையும் தப்பிப்பான், பணமும் மிஞ்ச வாய்ப்பு உண்டு. மனசு உடைந்து பேசும் பிள்ளைகளுக்கு 104 என்ற அரசு மருத்துவ உதவி நம்பரில் ஆலோசனை கிடைக்கும்.