கல்லில் எழுதிய சரித்திரம்

கோவையின் முதல் திருத்தூதுப் பதிலாளான ஆயர் மரியோன் பிரெசிலாக், 1846 அக்டோபர் 4 அன்று கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆயினும் அவருடைய கல்லறை கொங்கு மண்ணில் இல்லை. மறைபரப்புப் பணிக்காக ஆப்பிரிக்கா சென்ற அவர், 1859 ஜூன் 25 அன்று பிரீடவுனில் காய்ச்சலால் மரித்தார். அங்கே அடக்கம் செய்யப்பட்ட அவரது எச்சங்கள் பின்னர் பிரான்சின் லியோன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. புதைத்த இடம் மறக்கப்படாததால் அன்றோ இது இயன்றது!

நம் கல்லறைத் தோட்டங்கள் பலவற்றில் நவம்பர் 2ஐ ஒட்டியே புதர் நீங்குகிறது. மழை கரைத்த எழுத்துகளோடு, நம் முன்னோர்க்கு விசுவாசம் கற்பித்த உபதேசியார்களின் பெயர்களும் மறைகின்றன. கல்லறைகளின் புனிதத்தன்மையைக் காக்குமாறு 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1243ஆம் விதி பணிக்கிறது. ஆயரைப் பற்றி நூல்கள் பேசும். உபதேசியாருக்கோ அந்தக் கல் ஒன்றே சரித்திரம். அதைத் துடைத்து, பங்குப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பெயரை எழுதிவைப்போம்.