விளையாட்டுக் கணினியை எடிட்டிங்குக்கு மேம்படுத்துதல்: ஓசூர் – தொரப்பள்ளி வட்டாரம்

கேம் ஆடுவதற்கென்று அசெம்பிள் செய்த கணினியை அடியோடு மாற்றாமல், சில பாகங்களை மட்டும் கூட்டியோ மாற்றியோ வீடியோ எடிட்டிங் பழகுவதற்கு ஏற்றதாக்குவது இக்கட்டுரையின் பொருள். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கர்நாடக எல்லைப் பகுதி இதற்குத் தோதான இடம். ராஜாஜி 1878 டிசம்பர் 10 அன்று பிறந்த ஊர் என்பதால் தொரப்பள்ளியின் பெயர் பலருக்கும் தெரியும். அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லம். பக்கத்திலேயே ஓசூர் சிப்காட். 40 கிலோமீட்டரில் பெங்களூரு. மாதச் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கிய கேமிங் கணினி இருக்கிறது. படம்பிடிக்கவும் விஷயம் இருக்கிறது. தையிலும் மாசியிலும் எருதுவிடும் விழா, பங்குனி வாக்கில் சந்திரசூடேசுவரர் தேர், முகூர்த்த நாள்களில் கல்யாணம். இல்லாதது கையில் காசு மட்டும்தான்.

ஆடுவதும் வெட்டுவதும்

கேமில் ஒவ்வொரு காட்சியையும் கிராபிக்ஸ் கார்டு புதிதாக வரைகிறது. எடிட்டிங்கில் ஏற்கெனவே வரைந்து, சுருக்கி, மூட்டை கட்டி வைத்த காட்சியை அவிழ்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு உழைப்பு. போனும் கேமராவும் பதிவு செய்யும் எச்.264, எச்.265 கோப்புகளில் முழுப்படம் என்பது எப்போதாவது ஒன்றுதான் வரும். இடையில் உள்ளவை எல்லாம் ‘முந்தைய படத்திலிருந்து இது மட்டும் மாறியது’ என்ற குறிப்புகளே. டைம்லைனில் ஓரிடத்தைத் தொட்டால், அந்தப் படத்தைக் காட்டுவதற்கு முன் பின்னால் போய் முழுப்படத்தைத் தேடி, அங்கிருந்து கணக்குப் போட்டு வர வேண்டும். கேமில் 144 பிரேம் தள்ளும் கணினி, போனில் எடுத்த ஒரு 4கே கிளிப்பை இழுத்துப் பார்க்கையில் திக்கித் திணறுவதற்குக் காரணம் இதுவே.

உடனே ‘கார்டு பத்தல’ என்று முடிவு கட்டுவது வழக்கம். பெரும்பாலும் அது தவறான முடிவு. செலவிலும் பெரிய தவறு. வாங்கப் போகுமுன் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கிளிப்பை ஓட்டிப் பார்க்க வேண்டும். பிராசஸர் 100 சதவீதத்தில் நிற்கிறதா, ரேம் நிரம்பிவிட்டதா, கார்டின் ‘வீடியோ டீகோட்’ வரைபடம் அசைகிறதா, அசையாமலே கிடக்கிறதா? எங்கே இடிக்கிறது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

டிஸ்க் மேல் பழி போடுவதற்கு முன்பும் ஒரு கணக்கு உண்டு. போன் 4கே-யில் வினாடிக்குச் சுமார் 50 மெகாபிட் வீதம் பதிவு செய்கிறது என்று வைத்துக்கொண்டால், அது 6 மெகாபைட்டுக்குச் சற்று மேல். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கே வினாடிக்கு 100 மெகாபைட்டைத் தாண்டிப் படிக்கும். ஆகவே ஒரே ஒரு கிளிப் திக்குகிறது என்றால் குற்றவாளி டிஸ்க் இல்லை. மூன்று கேமரா காட்சிகளை ஒரே நேரத்தில் ஓட்டினால், அதன் முள் அங்கும் இங்கும் ஓடித் திணறும். அது வேறு கதை.

காசில்லாத வழி

எந்தப் பாகமும் வாங்காமல் செய்யக்கூடிய பெரிய மேம்பாடு பிராக்ஸி. மூலக் கோப்புக்குப் பதிலாக, எளிதில் அவிழும் சிறிய நகல் ஒன்றை மென்பொருள் உருவாக்கிக்கொள்ளும். வெட்டுவதும் ஒட்டுவதும் நகலில். கடைசியில் ஏற்றுமதி மட்டும் மூலத்திலிருந்து. இரவு படுக்கப்போகும் முன் பிராக்ஸிக்குப் போட்டுவிட்டால் காலையில் தயாராக இருக்கும். டாவின்சி ரிசால்வ், பிரீமியர், கேடென்லைவ் எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்கிறது. நகலை டி.என்.எக்ஸ்.எச்.ஆர். வடிவில் எடுத்தால் ஒவ்வொரு படமும் தனித்தனி முழுப்படமாக இருக்கும். பழைய நான்கு கோர் பிராசஸரில்கூட வழுக்கிக்கொண்டு ஓடும். பதிலுக்கு அது டிஸ்க் இடத்தைத் தின்னும்.

போன் காட்சிகளில் இன்னொரு தொல்லை உண்டு. வெளிச்சத்துக்கு ஏற்ப வினாடிக்கான பிரேம் எண்ணிக்கையைப் போன் தானாகக் கூட்டிக் குறைக்கும். மேள வாத்தியம் வாசிக்கும் காட்சியில் அடியும் ஒலியும் பிரிந்து போவதற்குப் பெரும்பாலும் காரணம் அதுதான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான பிரேம் வீதத்துக்கு மாற்றிவிட்டால் சரியாகும். கணினிக்கு இதில் பங்கே இல்லை.

மென்பொருள் எது என்று முடிவு செய்யாமல் பாகம் வாங்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன், டாவின்சி நிறுவனத்தை 2009-இல் வாங்கியது. அதன் ரிசால்வ் இலவசப் பதிப்பு 4கே அளவு வரை ஏற்றுமதி செய்யும், வாட்டர்மார்க் போடாது. பழகுபவருக்கு இதற்கு மேல் தேவையில்லை. ஆனால் எச்.264, எச்.265-ஐ வன்பொருள் கொண்டு அவிழ்க்கும் வசதியை முழுமையாகப் பயன்படுத்துவது 295 டாலருக்கு ஒரே தடவை விலை கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்புதான். லினக்ஸில் இலவசப் பதிப்பு இந்த இரண்டு வடிவங்களையும் திறக்கவே திறக்காது; அதை அறியாமல் விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டுக்கொள்பவர்கள் பாவம்.

ரேமும் எஸ்.எஸ்.டி.யும்

8 ஜி.பி. ரேம் கேமுக்கே இன்று இழுபறி. எடிட்டிங்குக்கு 16 ஜி.பி. அடிப்படை, ரிசால்வின் பியூஷன் பக்கத்தில் எழுத்து அசைவு, விளைவுகள் செய்பவருக்கு 32. ஒரே 16 ஜி.பி. குச்சியைவிட இரண்டு 8 ஜி.பி. குச்சிகள் மேல், இரண்டு வழியிலும் தரவு ஓடும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பொதுவாகப் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும் சரியான இடங்கள். மாட்டி முடித்ததும் பயாஸில் எக்ஸ்.எம்.பி.யை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் 3200 வேகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு 2133-இலோ 2400-இலோ ஓட்டிக்கொண்டிருக்க நேரும்.

2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதால் ரேம் விலை உலகெங்கும் எகிறியது. குரூஷியல் என்ற பெயரில் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விட்டுவிடுவதாக அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. அதற்குப் பிறகு பழைய டி.டி.ஆர்.4 குச்சிகளுக்கும் மவுசு. செகண்ட் ஹேண்டில் வாங்கத் தயங்க வேண்டிய பாகம் இது இல்லை. மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்த்து வாங்கினால் போதும்.

எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் இருப்பது இருக்கட்டும். காட்சிகளுக்கென்று தனியாக ஒரு என்.வி.எம்.இ. போடுவது நல்லது. மலிவான கியூ.எல்.சி. வகை முதல் சில பத்து ஜி.பி.க்குப் பறக்கும், பிறகு ஹார்டு டிஸ்க் வேகத்துக்கு இறங்கினாலும் இறங்கிவிடும். மெமரி கார்டிலிருந்து ஒரு கல்யாணத்தையே கொட்டுபவருக்கு இது எரிச்சல். சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 இடத்தில் ஒன்றை மாட்டினால் இரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். ‘ஹார்டு டிஸ்க் போயிடுச்சு’ என்று பதறுமுன் போர்டின் கையேட்டைப் பார்க்கவும்.

எஃப் பிராசஸர்

சிக்கனமாகக் கேமிங் கணினி கட்டியவர்கள் வீட்டில் அதிகம் இருப்பது இன்டெல் ஐ5 12400எஃப் போன்ற சில்லு. எஃப் என்றால் உள்கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்டு இருக்கும்போது அது எதற்கு என்று கேமர் நினைப்பது நியாயம்; மிச்சமும் ஆகும். ஆனால் அந்த உள்கிராபிக்ஸுக்குள்தான் குயிக் சிங்க் இருக்கிறது. இன்டெல் 2011-இல் சாண்டி பிரிட்ஜ் சில்லுகளில் கொண்டுவந்த, காட்சியை அவிழ்க்கவும் மடிக்கவும் மட்டுமே உள்ள தனிப் பகுதி அது. பிரீமியரிலோ ரிசால்வ் ஸ்டூடியோவிலோ வேலை செய்பவருக்கு, கேமுக்குத் தேவைப்படாத அந்தப் பகுதி பாதிச் சுமையைத் தாங்கும். சோனி ஏ7 மார்க் 4 போன்ற கேமராக்கள் தரும் 10 பிட் 4:2:2 எச்.265 கோப்பை இன்டெலின் 11-ஆம் தலைமுறை முதல் உள்கிராபிக்ஸ் அவிழ்த்துவிடும். என்விடியாவில் 2025-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசைக்கு முந்தைய எந்தக் கார்டாலும் அது முடியாது. விலை பல மடங்கு அதிகமான கார்டு கைவிரிக்கும் இடத்தில் சாதாரண ஐ5 கைகொடுக்கும்.

எஃப் சில்லை விற்றுவிட்டு அதே சாக்கெட்டில் 12400 அல்லது 12500 போடுவது, புதுக் கார்டு வாங்குவதைவிடப் பல நேரங்களில் மலிவு. 12500-இல் இந்தக் காட்சிப் பகுதி இரட்டை, 12400-இல் ஒன்று. தனிக் கார்டு மாட்டியிருந்தால் பல போர்டுகள் உள்கிராபிக்ஸை அணைத்து வைக்கும். பயாஸில் போய் இயக்க வேண்டும்.

ஏ.எம்.டி. வைத்திருப்பவர்களுக்கு வேறு அதிர்ஷ்டம். ஏ.எம்.4 சாக்கெட்டில் 2017-இல் வந்த 300 வரிசை போர்டுகூட, 2022-இல் வந்த பயாஸ் ஆதரவுக்குப் பிறகு, ரைசன் 5000 சில்லை ஏற்கும். ரைசன் 5 2600 வைத்திருப்பவர் 5700எக்ஸ்-க்குத் தாவினால் போர்டு, ரேம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பயாஸை அப்டேட் செய்வது பழைய சில்லு மாட்டியிருக்கும்போதே. நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடும், யு.பி.எஸ். இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. எக்ஸ்போர்ட் போட்டால் எல்லா கோரும் அரை மணி நேரம் முழு மூச்சில் ஓடும். கேமில் அப்படி நடப்பது அரிது. எனவே கூலரில் அடைந்த தூசியும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும் எடிட்டிங்கில்தான் தம் வேலையைக் காட்டும்.

கிராபிக்ஸ் கார்டு

வரிசையில் கடைசி. ரிசால்வ் மற்ற மென்பொருள்களைவிடக் கார்டை அதிகம் நம்பும். அங்கே வேகத்தைவிடக் கார்டின் சொந்த நினைவகம் முக்கியம். 4 ஜி.பி. கார்டில் 4கே டைம்லைனை வைத்து விளைவுகளை அடுக்கினால் நினைவகம் நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பு வரும்; டைம்லைனை 1080-க்கு இறக்கினால் போய்விடும். 2021-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3060 இன்றும் எடிட்டர்களுக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் அதன் 12 ஜி.பி. நினைவகம். தவிர்க்க வேண்டியவை ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6400, 6500 எக்ஸ்.டி.: கேமுக்குப் பரவாயில்லை, ஆனால் காட்சியை மடிக்கும் வன்பொருள் அவற்றில் அறவே கிடையாது.

கார்டை மாற்றுமுன் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பார்க்க வேண்டும். கேபினெட்டோடு சேர்ந்து வந்த மலிவு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் எழுதியிருக்கும் 450 வாட்டை நம்புவது துணிச்சல். 3060-க்கு மட்டுமே 170 வாட் வேண்டும். தனி மின்கம்பி தேவைப்படாத 70 வாட் ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜி.பி. பழைய கணினிகளுக்கு ஆபத்தில்லாத தேர்வு. வீட்டில் இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குவது சுமார் 360 வாட்தான். எக்ஸ்போர்ட் நடுவே கரண்ட் போனால் அது முடியும்வரை தாங்கும் என்று எதிர்பார்க்காமல், சேமித்துவிட்டு அணைக்க நேரம் தரும் என்று மட்டும் எதிர்பார்க்கலாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

பாகம் வாங்க என்றால், சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெரு இந்த வட்டாரத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூரு டவுன் ஹால் பக்கமுள்ள எஸ்.பி. ரோடு கணினிக் கடைகளோ, ஜுஜுவாடி, அத்திப்பள்ளி தாண்டி ஒரே பஸ் பயணம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் ஓசூர்க்காரருக்கு அங்கே பேரம் பேசுவதும் சிரமமில்லை. வாரண்டிக்கு மறுபடி போவதும் எளிது. செகண்ட் ஹேண்ட் கார்டுக்கு மட்டும் எச்சரிக்கை வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கார்டுகளால் ‘தோண்டும்’ வேலை நின்றபோது சந்தைக்கு வந்த கார்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. கடையிலேயே பத்து நிமிடம் சுமை கொடுத்து, வெப்பமும் விசிறிச் சத்தமும் பார்க்க வேண்டும்.

புது பாகத்துக்கு வரி 18 சதவீதம், எந்த மாநிலத்திலும் ஒன்றே. ஸ்டூடியோ வைத்து ஜி.எஸ்.டி. எண் எடுத்திருப்பவர் மட்டும் பில் போடும்போது தம் தமிழ்நாட்டு எண்ணைச் சொல்லி, ஐ.ஜி.எஸ்.டி. பில்லாகக் கேட்டு வாங்க வேண்டும். கர்நாடகத்தின் மாநில வரி போட்ட பில்லை வைத்துத் தமிழ்நாட்டுப் பதிவில் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. பெரிய தொகை போட்டு வாங்குகையில் இந்த இழப்பு ஒரு எஸ்.எஸ்.டி. விலைக்கு வந்துவிடும்.

திரையும் தமிழ் எழுத்தும்

கேமிங் மானிட்டர் வேகத்துக்குச் செய்தது. பழைய டி.என். பேனலில் தலையைச் சற்று உயர்த்தினாலே நிறம் மாறும். மணப்பெண் புடவையின் அரக்கு ஒரு கோணத்தில் மெரூன், இன்னொன்றில் பழுப்பு. மலிவு கேமிங் லேப்டாப்புகள் பலவற்றில் ஐ.பி.எஸ். திரை இருந்தாலும் எஸ்.ஆர்.ஜி.பி. நிறப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது. புது மானிட்டருக்குக் காசில்லாதவர், முடித்த வீடியோவை இரண்டு போன்களில் போட்டுப் பார்த்து நிறத்தைச் சரிசெய்துகொள்கிறார். யூடியூபுக்கு அது போதும்.

பிரீமியரில் தமிழ்த் தலைப்பு போட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்பது கணினியின் குறை இல்லை. கிராபிக்ஸ் விருப்பங்களில் தெற்காசிய எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் நேராகிவிடும். அதற்கு மெனக்கெடாமல் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து ஒட்டுவது கல்யாண ஆல்பம் போடுபவர்களிடம் இன்றும் நடைமுறையில் உள்ளது.