ஊழியும் நகையும்

ஊர்காவற்றுறையிலிருந்து படகில் செல்வோர்க்கு எழுவைதீவு முதலிற் பனைகளாகவே தோன்றுகிறது. நிலம் கண்ணுக்குப் புலப்படுமுன் பனை புலப்படும். அத்துணைத் தாழ்ந்த நிலம் அது. குன்றென்றோ மேடென்றோ சுட்டிக்காட்ட அங்கு ஒன்றுமில்லை. அத்தீவில் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில், ஒன்பதாந் தர மாணவர்க்கு ‘உயரும் கடல்’ என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதப் பணித்தோம். புவி வெப்பமுறுதலையும், பனிப்படலங்கள் உருகுதலையும், கடல்மட்டம் உயர்தலையும் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

“சேர், எங்கட தீவுக்குப் பேர் எழுவை. மூழ்குவை எண்டு ஒருத்தரும் பேர் வைக்கேல்லை” என்றான்.

முன்னிலை ஒருமை வினைமுற்றுக்களை அதற்கு முந்திய வாரத்திலேதான் கற்பித்திருந்தோம். இலக்கணம் இவ்வளவு விரைவிற் பயன்தரும் என நாம் எதிர்பார்க்கவில்லை. வகுப்பு முழுவதும் சிரித்தது, நாமும் சிரித்தோம். ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் கட்டுரைகளைத் திருத்தும்போதுதான் காரணம் விளங்கிற்று. கோடை வந்தால் தங்கள் கிணறு உவர்த்துவிடுவதையும், தாயார் குடத்துடன் நெடுந்தூரம் நடப்பதையும் அவள் நான்கு வரிகளில் எழுதியிருந்தாள். அலங்காரச் சொல் ஒன்றும் அதில் இல்லை.

மனித குலத்தையே அழிக்கக்கூடிய பேரிடர்களைப் பற்றி மனிதர் ஏன் சிரிக்கின்றனர்? அச்சிரிப்பு துணிவா, அறியாமையா, கொடுமையா? அன்று எம்முள் எழுந்த இவ்வினாவுக்கு வரலாற்றில் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொல்காப்பியர் நகைச்சுவை பிறப்பதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களை வகுத்தார். பிறரை எள்ளுவதாற் பிறக்கும் சிரிப்பு அவற்றுள் முதலில் நிற்கிறது. வள்ளுவரோ ‘இடுக்கண் அழியாமை’ என்னும் அதிகாரத்தைச் சிரிப்பிலிருந்தே தொடங்குகிறார். துன்பம் வரும்போது சிரிக்கச் சொல்கிறார் அவர். ஆயின் யாருடைய துன்பத்தைக் கண்டு? தன்னுடைய துன்பத்தைக் கண்டு. பிறர் துன்பத்தைக் கண்டு சிரிக்குமாறு அவர் எங்கும் கூறவில்லை. இவ்விரு சிரிப்புக்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடே நாம் பற்றிச் செல்ல வேண்டிய கயிறாகும். நம் மக்களின் வாயிலும் ஒரு பழமொழி உண்டு: தலைக்கு மேல் வெள்ளம் போனாற் சாண் என்ன, முழம் என்ன? மூழ்குகின்றவனே தன்னைப் பற்றிக் கூறும்போது இஃது உரம் மிக்க நகைச்சுவை. கரையில் நிற்பவன் கூறினால் இதுவே கல்நெஞ்சின் சொல்லாகிவிடும்.

பழங்கதைகளில் ஊழியைப் பற்றிய சிரிப்பு இல்லை. அங்கு ஆட்சி செய்வது அச்சமே. நயினாதீவுதான் மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் என்று கருதும் மரபு தீவகத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. அம்மணிபல்லவத்திலேதான் நாக நாட்டு இளவரசி பீலிவளை, சோழன் நெடுமுடிக்கிள்ளிக்குப் பிறந்த மகவைக் கம்பளச் செட்டியின் கையில் ஒப்படைக்கிறாள். கலம் கவிழ்கிறது, குழந்தையைக் காணோம், துயருற்ற மன்னன் இந்திர விழாவை மறக்கிறான், காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொள்கிறது. மகாவம்சத்திலும் இதையொத்த கதை உண்டு. களனியை ஆண்ட திஸ்ஸன் ஒரு துறவியைக் கொல்விக்க, கடல் பொங்கி நாட்டுட் புகுகிறது. அதைத் தணிவிக்க மன்னன் மகள் கடலில் விடப்படுகிறாள்.

மொழி வேறு, சமயச் சூழல் வேறு. கதையின் கட்டமைப்பு ஒன்றே. மன்னன் தவறினான், குடிகள் மூழ்கினர். பட்டினத்தில் மீன் உலர்த்தியவளும், உப்பு விற்றவனும், தோணி கட்டிய தச்சனும் எந்த விழாவை மறந்தனர்? கதை அதனைக் கேட்பதில்லை. இயற்கையின் சீற்றம் அரசனுக்கும் தெய்வத்துக்கும் இடையிலான வழக்காகவே காட்டப்படுகிறது. அவ்வழக்கில் தண்டம் இறுப்பவர் மட்டும் மக்கள்.

இந்த அச்சத்தின் பிடி தளர்ந்தபோது, ஊழியைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கும் துணிவும் மனிதனுக்கு வந்தது. 1910 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹேலியின் வால்வெள்ளி தோன்றியது. அதன் வாலினூடாகப் பூமி செல்லும் என்று வானியலாளர் கணித்தனர். அவ்வாலில் சயனோசென் என்னும் நச்சுவாயு உண்டெனவும் கண்டறியப்பட்டிருந்தது. அது பூமியில் உயிர்களை மாய்த்துவிடலாம் என்று பிரெஞ்சு வானியலாளர் பிளமாரியோன் கருதியதாகப் பத்திரிகைகள் எழுதின. மேனாடுகளில் வால்வெள்ளி நஞ்சுக்கு மாற்று என மாத்திரைகள் விற்கப்பட்டன. நியூயோர்க்கில் உயர்ந்த விடுதிகளின் மாடிகளில் உலக முடிவை வரவேற்கக் களியாட்டங்கள் நடந்தன. வால்வெள்ளி வந்தது, போனது. ஒருவரும் மூச்சடைத்து மாளவில்லை. அவ்வேளை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதி அதனைப் பொருளாக்கிச் ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ என்னும் கவிதையை இயற்றினார்.

மாத்திரை விற்றவனையும் மாடியில் ஆடியவனையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஊழியைப் பற்றிய அச்சமும் ஒரு சரக்கு. அதனைப் பற்றிய கேலியும் ஒரு சரக்கு. இரண்டையும் விலைகூறத் தெரிந்தவர்கள் எக்காலத்தும் இருந்திருக்கின்றனர்.

1962 ஆம் ஆண்டு பெப்ரவரித் தொடக்கத்தில் இது நம் வாசலுக்கே வந்தது. ஞாயிறும் திங்களும் ஐந்து கோள்களும் கேதுவும் மகர இராசியிற் கூடுவதாகச் சோதிடர் கணித்தனர். அட்டக்கிரகச் சேர்க்கை என்றும், உலகத்துக்கு முடிவு என்றும் பேச்சுப் பரவிற்று. இந்தியாவெங்கும் வேள்விகள் நடந்தன. நெய்யும் தானியமும் தீயிற் கொட்டப்பட்டன. குறித்த நாட்கள் எவ்விதத் தீங்குமின்றிக் கழிந்தன. பகுத்தறிவாளர் சிரித்தனர், சிரித்ததில் தவறில்லை. பசித்தவன் உண்ண வேண்டிய நெய்யைத் தீக்கு ஊட்டும் மடமையைச் சிரிப்பால் அடிப்பது சமுதாயத் தொண்டேயாகும்.

ஆயின் வரலாறு அங்கு நிற்கவில்லை. மூன்றாண்டுகள் நிறையுமுன், 1964 டிசெம்பர் 22 ஆம் நாள், எக்கோளும் எவ்விராசியிலும் கூடாமலே பெரும்புயல் ஒன்று வந்தது. திருகோணமலைக் கரையில் ஏறி, வட இலங்கையைக் கடந்து, நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியை அடைந்தது. பாம்பனிலிருந்து சென்ற புகையிரதத்தைக் கடல் அப்படியே வாரிக்கொண்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோருள் ஒருவரும் மீளவில்லை. துறைமுகமும் கோயிலும் அஞ்சலகமும் கொண்டிருந்த ஊர் ஓர் இரவில் மணற்காடாயிற்று; மக்கள் வாழத் தகாத இடமென்று அரசு பின்னர் அறிவித்தது. ஈழக் கரையிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். எழுவைதீவும் தனுஷ்கோடியும் ஒரே ஆழமற்ற கடலின் இருவேறு கரைகள். வாடைக்காற்று மிகும்போது படகுகளை மேலேற்றிக் கட்டும் கடற்றொழிலாளர்க்கு அவ்விரவின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. சோதிடன் சொன்ன ஊழி வரவில்லை என்பதால் ஊழியே வராது என்று ஆகாது. பொய்யான எச்சரிக்கையைப் பார்த்துச் சிரித்துப் பழகிய வாய், மெய்யான எச்சரிக்கையைப் பார்த்தும் சிரிக்கத் தொடங்கும். மூடநம்பிக்கையை எதிர்த்துப் பிறந்த சிரிப்பு அறிவியலுக்கே எதிராகத் திரும்புவது அப்போதுதான்.

2004 டிசெம்பர் 26 இல் நாம் பள்ளி மாணவர். சுமாத்திராக் கடலடியில் நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணிநேரம் கழித்தே அலை இலங்கையின் கிழக்குக் கரையைத் தாக்கியது. பசிபிக் சமுத்திரத்தில் 1949 இலிருந்தே ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் இயங்கி வந்தது. இந்து சமுத்திரத்து ஏழை நாடுகளுக்கோ அத்தகைய ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. அந்த இரண்டு மணிநேரத்தை வீணாக்கியது இயற்கையன்று. இலங்கையில் மட்டும் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முல்லைத்தீவும் வடமராட்சி கிழக்கும் கண்ட அழிவைப் பாக்குநீரிணைக்குள் ஒதுங்கியிருந்த தீவகம் காணவில்லை.

அதுவரை நம்மவர் அறியாதிருந்த ‘சுனாமி’ என்னும் யப்பானியச் சொல், சில ஆண்டுகளுக்குள்ளேயே கேலிச்சொல்லாயிற்று. பந்தியில் விரைந்து உண்பவன் சுனாமி. கடன் கேட்டு வருபவன் சுனாமி. சொல்லைப் பழக்குவதன் மூலம் அச்சத்தைப் பழக்கும் மக்களின் வழி அது. அதனைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆயின் 2012 ஏப்பிரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் நிலம் நடுங்கி, எச்சரிக்கை விடுக்கப்பட்டு, கரையோர மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். பேரலை வரவில்லை. மறுநாள் தேநீர்க்கடையில், ஓடியவர்களை நடித்துக்காட்டிச் சிலர் சிரித்ததை நாம் கண்டோம். அங்கு சிரித்தவர்களுள் கடற்கரையில் வீடுள்ளவர் எவரும் இல்லை.

இச்சிரிப்பு எமது தேநீர்க்கடைக்கு மட்டும் உரியதன்று. 2015 செப்தெம்பரில் அவுஸ்திரேலியப் பிரதமர் அபொட், பசிபிக் தீவுத் தலைவர்களை மொரெஸ்பித் துறையிற் சந்தித்துத் திரும்பியிருந்தார். கூட்டமொன்று தொடங்கச் சுணங்கியபோது, வாசலில் நீர் வந்து மோதப்போகும் மக்களுக்கு நேரம் ஒரு பொருட்டன்று என்னும் கருத்துப்பட அமைச்சர் டட்டன் அவரிடம் வேடிக்கை பேசினார். பிரதமர் சிரித்தார். தலைக்கு மேலே ஒலிவாங்கி இருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. டட்டன் பின்னர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ஆயின் மன்னிப்பு நாவிலிருந்து வருவது. சிரிப்போ அகத்திலிருந்து வருவது. தொல்காப்பியர் கூறிய எள்ளலுக்கு இதனிலும் தெளிந்த எடுத்துக்காட்டை இந்நூற்றாண்டிற் காண்பது அரிது.

இதற்கு ஆறாண்டுகள் முன்பே, 2009 ஒக்தோபர் 17 இல், வேறொரு சிரிப்பை உலகம் கண்டது. மாலைதீவின் ஜனாதிபதி நஷீத் தம் அமைச்சரவையைக் கடலுக்கடியிற் கூட்டினார். அமைச்சர்கள் முதுகில் வாயுக் கலங்களைச் சுமந்து, கைச்சைகையாற் பேசி, நீரினுள்ளே மேசைமுன் அமர்ந்தனர். கரியமில வாயுவைக் குறைக்கக் கோரும் ஆவணத்தில் அங்கேயே கையொப்பமிட்டனர். கொப்பன்ஹேகனில் உலக நாடுகள் கூடவிருந்ததற்கு ஏறத்தாழ இரு மாதங்கள் முன்னர் நடந்தது இது. உலகம் சிரித்தது, சிரிக்கவேண்டுமென்றே அவர்கள் செய்தனர். மூழ்கப்போகிறவர்கள் தம் மூழ்குதலையே நாடகமாக்கிக் குற்றவாளியின் கண்முன் நிறுத்தினர். வள்ளுவர் சுட்டிய சிரிப்பு இதுவெனக் கொள்வதில் எமக்குத் தயக்கமில்லை.

இனி எழுவைதீவுக்குத் திரும்புவோம். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. இந்நூற்றாண்டின் முடிவுக்குள், வெளியேற்றப்படும் வாயுக்களின் அளவுக்கேற்ப, மேலும் 28 சென்ரிமீற்றர் முதல் 1 மீற்றர் வரை உயரக்கூடும் என்பது காலநிலை மாற்றத்துக்கான சருவதேச அரசுகளின் குழு 2021 இல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீடு. பெருநகரத்து மாடியில் இருப்பவனுக்கு ஒரு மீற்றர் என்பது மேசையின் உயரம். எழுவைதீவில் அதுவே கிணற்றின் கதை, வயலின் கதை, கரையோரக் குடிசையின் கதை. பெருங்கடல் வந்து நிலத்தை மூடும்வரை அங்கு யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. நன்னீர் உவர்நீராகும் நாளிலேயே தீவு வாழத் தகாததாகிவிடும்.

இவ்வழிவுக்கு அத்தீவின் மக்கள் ஆற்றிய பங்கு யாது? இலங்கையர் ஒருவர் ஆண்டொன்றுக்கு வெளியேற்றும் கரியமில வாயு ஏறத்தாழ ஒரு தொன். அவுஸ்திரேலியர் ஒருவர் வெளியேற்றுவது அதனைப் பத்து மடங்குக்கு மேல் விஞ்சுகிறது. எழுவைதீவு மீனவரின் பங்கு இலங்கையரின் சராசரியிலும் குறைந்ததாகவே இருத்தல் கூடும். காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் பெறும் கலப்பு மின்நிலையம் அத்தீவில் நிறுவப்பட்டிருக்கிறது. மன்னன் விழாவை மறக்கப் பட்டினம் மூழ்கிய பழங்கதை இன்று புதிய உருவில் நடக்கிறது. மறந்தவர் வேறு, மூழ்குபவர் வேறு.

ஆகவே, ஊழியைப் பற்றிச் சிரிக்கலாமா என்று வினவும் மாணவர்க்கு எம் விடை இது. சிரிக்கலாம்; ஆனாற் சிரிக்குமுன் நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கரையில் நின்று நீரில் நிற்பவனைப் பார்த்துச் சிரிப்பது எள்ளல். நீரில் நின்றுகொண்டே சிரித்து, அச்சிரிப்பின் வலிமையால் அணை கட்டக் கைகோப்பது ஆண்மையும் பெண்மையும் சேர்ந்த மனிதத் துணிவு. அணையைக் கட்டாமற் சிரித்துக்கொண்டு மட்டும் இருப்பதோ பேதைமை.

கட்டுரைகளைத் திருப்பிக் கொடுத்த நாளில் அம்மாணவியின் நான்கு வரிகளை வகுப்பில் உரக்கப் படித்தோம். அன்று யாரும் சிரிக்கவில்லை. பின்வாங்கு மாணவனை அழைத்து, ‘எழுவை’ என்பது எக்காலம் என வினவினோம். “எதிர்காலம், சேர்” என்றான். அது தானாக நிகழுமா, நீ செய்யவேண்டியதா என்று மீண்டும் வினவினோம். சற்று நேரம் யோசித்தான். எழுவாய் முன்னிலை ஒருமை என்பதால், தானே செய்யவேண்டியதுதான் என்றான்.

பாடவேளை முடிந்து மணி அடித்தது. பிள்ளைகள் கிணற்றடிக்கு ஓடினர்.