ஏழு கொடும்பாவங்கள்
கூர்ட் வைல் இசையில் பெர்டோல்ட் பிரெக்ட் எழுதிய அங்கதப் பாட்டு பாலே. நாஜி ஆட்சி வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறிய இருவரும் சேர்ந்து படைத்தது. 1933 ஜூன் 7 அன்று பாரிசின் சாம்ஸ் எலிசே அரங்கில், ஜார்ஜ் பாலன்சினின் நடன அமைப்பில் அரங்கேறியது. லூசியானாவில் குடும்பத்துக்கு வீடு கட்டக் காசு சேர்க்க, நாயகி அன்னா ஏழு நகரங்களில் ஏழாண்டு அலைகிறாள். அன்னா ஒருத்திதான், மேடையில் இருவர்: அரங்கேற்றத்தில் பாடியவள் லோட்டே லென்யா, ஆடியவள் டில்லி லோஷ். குடும்பத்தாருக்கு நான்கு ஆண் குரல்கள். தாய்க்குக் கனத்த அடிக்குரல், பாதிக் கிண்டல் அதிலேயே முடிந்துவிடும். இங்கே வரும்படியைக் கெடுப்பதுதான் பாவம். அநீதி கண்டு கொதித்தால் சினம். காசில்லாதவனை நேசித்தால் காமம். சுமார் 35 நிமிடமே ஓடுவதால் மாணவர் குழுக்களுக்கும் கைக்கெட்டும் படைப்பு. ஆனால் பாடகியும் நர்த்தகியும் ஒரே மூச்சில் இயங்கியாக வேண்டும்.