ஆவுளியாவும் புதுக்கோட்டைக் கடலும்

ஆவுளியா, கடற்புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டி. கடற்பசு என்றும் வழங்கப்படும். நிலத்தில் வாழும் உயிரினங்களுள் இதற்கு நெருங்கிய உறவு யானை. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இதற்கான பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. ஆவுளியாவுக்கென இந்தியாவில் அமைந்த முதல் காப்பகம் இதுவே.

தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1974-இல் மாவட்டம் உருவானபோது தஞ்சாவூரிலிருந்து அறந்தாங்கிப் பகுதி வந்து சேர்ந்தது. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகிய மீனவ ஊர்கள் அப்படித்தான் புதுக்கோட்டைக்குக் கிடைத்தன.

இந்தக் கடல் ஆழமற்றது. பல இடங்களில் பத்து மீட்டர்கூட இராது. வெயில் தரைவரை இறங்குவதால் சேற்றில் கடற்புல் செழிக்கிறது. இது பாசி அன்று. வேரும் பூவும் காயும் உள்ள தாவரம். கிடைமட்டத் தண்டுகள் சேற்றைக் கட்டிப்பிடித்துக்கொள்கின்றன, இலைகளுக்கிடையே இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளர்கின்றன. கடல்நீரில் கரைந்த கரிமத்தை உள்வாங்கிச் சேற்றுக்கடியில் நெடுங்காலம் சேர்த்து வைப்பதும் இந்தப் புல்வெளியே. கடல் மனிதனுக்கு என்ன செய்கிறது என்று கேட்பவருக்கு இதைவிடக் கிட்டத்தில் ஒரு பாடம் இல்லை.

ஆவுளியா கீழ்நோக்கி வளைந்த தடித்த மூஞ்சியால் புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும். அது மேய்ந்த தடம் வெறும் மணலாக, வளைந்து நெளிந்து தெரியும். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ புல் வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சுத் திணறிச் சாகும். ஏறக்குறைய 13 மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும், அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். அதனால் இழப்பு எளிதில் ஈடாவதில்லை.

ஒரு காலத்தில் இதன் இறைச்சி தாராளமாக விற்கப்பட்டது. 1959-இல் மண்டபம் என்ற ஊரில் ஓர் ஆவுளியா இணையைத் தொட்டியில் வளர்த்து ஆராயத் தொடங்கினர். அவை பத்தாண்டுக்கு மேல் அங்கு வாழ்ந்தன. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. ஆனால் விசைப்படகுகளின் இழுவைமடி பெருகியபின் ஆபத்து புல்வெளிக்கே வந்தது. மடியின் வாயை விரித்துப் பிடிக்கும் பலகைகள் தரையை உரசிச் செல்லும்போது புல் வேரோடு பெயர்கிறது.

பாதுகாப்பகம் என்றதும் மீன்பிடிக்கத் தடை வருமோ என்று மீனவர்கள் அஞ்சினர். சரணாலயம் வேறு, இது வேறு. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்த 36ஏ பிரிவின்படி அமைந்த இவ்வகைக் காப்பகத்தின் மேலாண்மைக் குழுவில் உள்ளூர் ஊராட்சிக்கும் இடமுண்டு. வலையில் மாட்டிய ஆவுளியாவை வலையை அறுத்துக் கடலில் விட்ட மீனவர்களை வனத்துறை பரிசளித்துப் பாராட்டியுள்ளது. அறுந்த வலையின் இழப்பு சிறியதன்று, அவர்கள் செய்தது பெரிய காரியம்.

கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்ற விதி 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது. புதுச் சட்டம் தேவையில்லை. அந்த விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினாலே கரையோரப் புல்வெளியும், அதை நம்பிய நாட்டுப்படகு மீனவரும், ஆவுளியாவும் பிழைப்பார்கள்.