இறால் பண்ணைகளும் முன்தேதியிட்ட சட்டமும்

இந்தியக் கடற்கரையில் இறால் வளர்ப்பு புதிய தொழில் அன்று. கேரளத்தின் பொக்காளி வயல்களிலும் வங்கத்தில் பேரி எனப்படும் நீர்நிலைகளிலும், ஓதத்தோடு மதகு வழியே நுழையும் குஞ்சுகளைத் தடுத்து வைத்து வளர்த்துப் பிடிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு; பொக்காளியில் அதே நிலம் மழைக்காலத்தில் நெல்லும் தந்தது. 1990களின் தொடக்கத்தில் ஆந்திர, தமிழகக் கரைகளில் பரவியதோ வேறு வகைத் தொழில். பொரிப்பகங்களில் வாங்கிய புலி இறால் குஞ்சுகளை நெருக்கமாக விட்டு, ஆலைத் தீனி இட்டு, மோட்டார் வைத்து நீரை மாற்றி நடத்தப்பட்ட அப்பண்ணைகளிலிருந்து, மிஞ்சிய தீனியும் கழிவும் கலந்த நீர் வாய்க்கால்களிலும் கழிமுகங்களிலும் விடப்பட்டது. குட்டையில் தேங்கிய உப்புநீர் மண்ணில் இறங்கி, அடுத்த வயலையும் குடிநீர்க் கிணற்றையும் உவராக்கியது.

அப்போது நடப்பிலிருந்த முக்கியமான தடை, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1991 பிப்ரவரி 19இல் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஆகும். உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல்நீர் ஏறி வரும் மேல் எல்லையிலிருந்து, நிலத்தை நோக்கி 500 மீட்டர் வரையிலான பகுதியில், கடலோரத்தை நேரடியாகச் சார்ந்திராத தொழில்களை அது தடுத்தது. நாகப்பட்டினம் பகுதியில் பண்ணைகளை எதிர்த்துப் போராடிய காந்தியரும் கிராம சுயராஜ்ய இயக்கத் தலைவருமான எஸ். ஜெகந்நாதன், இந்த அறிவிக்கையை நடைமுறைப்படுத்தக் கோரி 1994இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். வழக்கு நடந்துகொண்டிருக்கையில், 1995இல், தமிழ்நாடு இத்தொழிலை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் இயற்றியது.

1996 டிசம்பர் 11இல் நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது ஆகியோர் அளித்த தீர்ப்பு, கடலோர மக்களின் சார்பில் இந்திய நீதிமன்றம் பேசிய அரிய தருணங்களுள் ஒன்று. பண்ணைகளால் கிடைக்கும் வருவாயைவிட அவற்றால் விளையும் சேதமே பெரிது என்று நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் கணித்திருந்ததை ஏற்ற நீதிபதிகள், இறால் பண்ணை கடலோரத்தை நேரடியாகச் சார்ந்த தொழில் அன்று என்று வரையறுத்து, மரபுவழி வளர்ப்பும் அதன் மேம்பட்ட வடிவமும் நீங்கலாக, மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் இடிக்க ஆணையிட்டனர். விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றைப் பண்ணையாக மாற்றலாகாது என்றும், வேலை இழக்கும் தொழிலாளர்களுக்கு ஆறு ஆண்டு ஊதியம் இழப்பீடாக வழங்கப்பட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. வயலும் கிணறும் பாழானவர்களோடு பண்ணையில் கூலிக்கு உழைத்தவர்களையும் கருதியது அதன் தனிச்சிறப்பு.

ஆனால் மறு ஆய்வு மனுக்கள் தாக்கலாகி இடிப்பு ஆணை நின்றுபோனது. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றியது. அதன் 27ஆம் பிரிவு, 1991 அறிவிக்கையின் தடை இத்தொழிலுக்குப் பொருந்தாது என்ற விலக்கைச் சேர்த்து, அவ்விலக்கு அறிவிக்கை வெளியான நாளிலிருந்தே இருந்ததாகக் கருதப்பட வேண்டும் என்றது. தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்த தடை இவ்வாறு பதினான்கு ஆண்டுகள் பின்சென்று நீக்கப்பட்டது. உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிய பண்ணைகளுக்கு இடமில்லை எனச் சட்டம் விதித்தபோதிலும், ஏற்கெனவே இயங்கிவந்த பண்ணைகளை அதிலிருந்து விலக்கியது.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இவ்வாணையம் பயனற்றது என்று சொல்வது நியாயமாகாது. பண்ணைப் பதிவைக் கட்டாயமாக்கியதும், தீங்கான நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தடுத்ததும், 2009இல் வனாமி என்னும் இறால் வகைக்கு அனுமதி கிடைத்தபின் இறக்குமதியாகும் தாய் இறால்களை நோய்த் தடுப்புக் காவலில் வைத்துச் சோதிக்கும் முறையை ஏற்றதும் தேவையான பணிகளே. எனினும் இவற்றுட் பெரும்பாலானவை இறாலின் நலத்தையும் ஏற்றுமதியின் நலத்தையும் காப்பவை. உயர் நீதிமன்ற நீதிபதியைத் தலைவராகவும் துறை வல்லுநர்கள், மத்திய அமைச்சகங்கள், கடலோர மாநிலங்கள் ஆகியவற்றின் பிரதிநிதிகளை உறுப்பினர்களாகவும் கொண்டு 2005ஆம் ஆண்டுச் சட்டம் அமைத்த ஆணையத்தில், மீனவர்களுக்கோ பண்ணையை அடுத்து நிலம் வைத்திருக்கும் உழவர்களுக்கோ தனி இடம் ஒதுக்கப்படவில்லை. பதிவு செய்யாமல் பண்ணை நடத்துவோருக்கு அச்சட்டம் விதித்திருந்த மூன்றாண்டு வரையிலான சிறைத் தண்டனையும் 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டு, அபராதமாக மாற்றப்பட்டது.